புதன்கிழமை ஊசி: ஆரம்ப சுகாதார நிலையத்தின் தடுப்பூசிச் சேவை எப்படி, எவ்வளவு மிச்சம்?

கைக்குழந்தைக்கு ஆகிற செலவைக் கணக்குப் போடுகிறவர்கள் டயப்பர், பால் பவுடர், தொட்டில் என்று வரிசையாக எழுதிவிட்டு ஊசியை விட்டுவிடுவார்கள். ஒன்றரை மாத ஊசிக்குத் தனியார் மருத்துவமனைக்குப் போய் பில்லைக் கையில் வாங்கும்போதுதான் அது எவ்வளவு பெரிய தொகை என்று தெரியும். அந்த ஒரு நாள் செலவே ஒன்பதாயிரத்தைத் தொட்டுவிடும். அதே ஊரில், புதன்கிழமை காலை, ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஏறக்குறைய அதே நோய்களுக்கான ஊசிகளைக் காசு வாங்காமல் போடுகிறார்கள்.

அந்தப் புதன்கிழமைச் சேவை எப்படி இருக்கிறது என்பதுதான் இங்கே பேச்சு. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். அங்கே கிடைக்கிற ஊசிகள் அத்தனையையும் அங்கேயே போட்டுக்கொள்ளுங்கள். அங்கே இல்லாதவற்றுக்கு மட்டும் தனியாரிடம் பணம் கட்டுங்கள். இப்படிச் செய்தால் இரண்டு வயதுக்குள் முப்பதாயிரத்துக்கு மேல் மிஞ்சும். ஊசியின் தரத்தில் எதையும் இழக்க மாட்டீர்கள். இழப்பது சொகுசு, கொஞ்சம் நேரம், ஓரிரு ராத்திரித் தூக்கம்.

முதலில் என்னென்ன கிடைக்கிறது என்று பார்ப்போம். பிறந்தவுடன் காசநோய்க்கான பி.சி.ஜி., போலியோ சொட்டு, மஞ்சள் காமாலை பி ஊசி. காமாலை ஊசியை 24 மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும். அரசு மருத்துவமனையில் பிரசவம் என்றால் டிஸ்சார்ஜ் ஆவதற்குள் மூன்றும் முடிந்துவிடும். அடுத்து ஒன்றரை மாத ஊசி: ஐந்து நோய்களுக்கான பெண்டா, நிமோனியாவுக்கான பி.சி.வி., கையில் தோலுக்குள் போடும் சிறிய அளவு போலியோ ஊசி (ஐ.பி.வி.), வாயில் வயிற்றுப்போக்குக்கான ரோட்டா, போலியோ சொட்டு. இரண்டரை மாதத்தில் ஊசி ஒன்றுதான், பெண்டா; கூடவே இரண்டு சொட்டு மருந்தும் உண்டு. மூன்றரை மாதத்தில் ஒன்றரை மாதத்தில் போட்ட அத்தனையும் மறுபடி. ஒன்பது மாதம் முடிந்ததும் தட்டம்மை-ரூபெல்லா (எம்.ஆர்.), பி.சி.வி. பூஸ்டர், ஐ.பி.வி. மூன்றாவது டோஸ், வைட்டமின் ஏ. ஒன்றரை வயதில் தட்டம்மை-ரூபெல்லா இரண்டாவது டோஸ், தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், டெட்டனஸ் மூன்றுக்குமான முத்தடுப்பு ஊசியின் முதல் பூஸ்டர், போலியோ சொட்டு, மறுபடி வைட்டமின் ஏ. மூளைக்காய்ச்சல் பாதிப்புள்ள மாவட்டங்களில் மட்டும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசி இரண்டு டோஸ் சேரும்.

இந்தப் பட்டியல் இப்படி நீண்டது அண்மையில்தான். பெண்டாவை 2011 டிசம்பரில் தமிழ்நாடும் கேரளமும்தான் நாட்டிலேயே முதலில் தொடங்கின. ரோட்டா 2017-ல் வந்தது, பி.சி.வி. 2021-ல். மூன்றாவது ஐ.பி.வி. டோஸ் 2023-ல் சேர்ந்தது. மூத்த குழந்தைக்கு 2015-ல் ஊசி போட்டவர்கள், "கவர்மென்ட்ல நிமோனியா ஊசி கிடையாது, வெளியேதான் போடணும்" என்று இன்னும் சொல்லிக்கொண்டிருப்பார்கள். அன்றைக்கு அது உண்மை. இப்போது அந்தப் பேச்சைக் கேட்டால் பதினைந்தாயிரம் வீண்.

இனி விலைக்கு வருவோம். தனியாரில் "வலியில்லா ஊசி" என்று சொல்லப்படும் ஆறு நோய்த் தடுப்பூசி டோஸுக்கு ஏறத்தாழ 4,000 ரூபாய். மூன்று டோஸ், ஒன்றரை வயதில் ஒரு பூஸ்டர், ஆக 16,000. பதின்மூன்று வகைக் கிருமிகளைத் தடுக்கும் வெளிநாட்டு பி.சி.வி. டோஸ் 3,800 சுற்றளவில். நான்கு டோஸுக்கு 15,200. ரோட்டா எந்த பிராண்ட் என்பதைப் பொறுத்து மொத்தம் 3,000 வாக்கில். ஃப்ளூ இரண்டு டோஸ் 3,600. டைஃபாய்டு 2,000. தட்டம்மை, ரூபெல்லாவோடு பொன்னுக்கு வீங்கியையும் தடுக்கும் எம்.எம்.ஆர். இரண்டு டோஸ் 1,400. மஞ்சள் காமாலை ஏ 2,000. சின்னம்மை இரண்டு டோஸ் 4,400. கூட்டினால் 47,600. ஒவ்வொரு தடவையும் டாக்டர் ஃபீஸ் 500 என்று பத்து தடவைக்கு 5,000 சேர்த்தால் ஐம்பதாயிரத்தைத் தாண்டுகிறது. இவை முழு எண்ணாக்கிய தோராய விலைகள். பிராண்டுக்கும் ஊருக்கும் ஏற்ப ஏறி இறங்கும், பெட்டியில் அச்சிட்ட எம்.ஆர்.பி.தான் உச்சவரம்பு. ஊசி போடும் கூலி என்று தனியாக 100, 200 வாங்கும் இடங்களும் உண்டு, எம்.ஆர்.பி.யில் தள்ளுபடி தருகிற இடங்களும் உண்டு. முன்கூட்டியே ஃபோன் செய்து "மொத்தம் எவ்வளவு ஆகும்" என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இந்த 47,600-ல் ஆறு நோய் ஊசி, பி.சி.வி., ரோட்டா மூன்றும் மட்டுமே 34,200. மூன்றுக்கும் ஈடானது ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். மீதி 13,400 ரூபாய் ஊசிகளைப் பற்றித்தான் உண்மையில் யோசிக்க வேண்டும். அதைப் பின்னால் பார்ப்போம்.

"ஈடானது" என்று சொன்னதற்குக் காரணம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இரண்டும் ஒரே மருந்து அல்ல. அரசு தருகிற பெண்டாவில் தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், டெட்டனஸ், மஞ்சள் காமாலை பி, மூளைக்காய்ச்சலும் நிமோனியாவும் தரும் ஹிப் கிருமி என்று ஐந்துக்கான மருந்து இருக்கிறது. தனியாரின் ஆறில் இவற்றோடு ஊசிப் போலியோவும் சேர்ந்திருக்கிறது. அரசு முறையில் அந்தப் போலியோ ஊசியைத் தனியாகக் கையில் போட்டுவிடுவதால் நோய்க் கணக்கில் ஒன்றும் குறைவதில்லை. வித்தியாசம் கக்குவான் இருமல் பகுதியில்தான். பெண்டாவில் இருப்பது முழுக் கிருமியைச் செயலிழக்கச் செய்தது. தனியாரில் இருப்பது அந்தக் கிருமியின் சில புரதங்களை மட்டும் பிரித்தெடுத்தது. முழுக் கிருமி என்பதால் உடம்பு கொஞ்சம் பலமாகவே எதிர்வினை காட்டும்: அன்று இரவு காய்ச்சல், தொடையில் வீக்கம், எடுத்ததற்கெல்லாம் அழுகை. பிரித்தெடுத்த வகையில் இதெல்லாம் குறைவு. ஆனால் அது தரும் பாதுகாப்பு காலப்போக்கில் சற்று விரைவாகக் குறைகிறது என்பதும் மருத்துவ உலகம் அறிந்ததே.

ஆக, "வலியில்லா" என்ற பெயரே பாதி விளம்பரம். குத்தும்போது இரண்டும் ஒரே வலிதான். நான்காயிரம் கொடுத்து வாங்குவது, இரண்டு ராத்திரி நிம்மதியாகத் தூங்கும் வாய்ப்பை. வேலைக்குப் போகும் தாய், துணைக்கு ஆளில்லாத வீடு என்றால் அதற்கும் ஒரு மதிப்பு உண்டு. அப்படி முடிவெடுப்பதில் தவறில்லை. ஆனால் "கவர்மென்ட் ஊசி பவர் கம்மி" என்று நினைத்துக்கொண்டு தனியாரில் போடாதீர்கள்.

முன்பு வலிப்பு வந்த குழந்தை, நரம்புத் தொடர்பான பிரச்சினை உள்ள குழந்தை, முந்தைய டோஸில் கடுமையான எதிர்வினை வந்த குழந்தை என்றால் பேச்சே வேறு. எந்த வகை, எப்போது என்பதைக் குழந்தை நல மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

பி.சி.வி. விஷயத்தில் ஒரு கேள்வி அடிக்கடி வரும்: "வெளியே பதின்மூன்று வகை, அங்கே பத்துதானே?" எண்ணிக்கை குறைவுதான். இலவசத் திட்டத்துக்கென்று வந்த சீரம் நிறுவனத்தின் நிமோசில் ஊசியில் இந்தியக் குழந்தைகளிடம் முக்கியமான 6ஏ, 19ஏ வகைகள் இடம்பெற்றிருக்கின்றன. அரசு அட்டவணையில் இரண்டு டோஸும் ஒரு பூஸ்டரும். தனியாரில் மூன்றும் ஒரு பூஸ்டரும். இரண்டுமே ஏற்கப்பட்ட முறைகள். கூடுதலாக மூன்று வகைக்காகப் பதினைந்தாயிரம் செலவழிப்பது, பணம் தாராளமாக இருப்பவர்களுக்கான முடிவு. கடன் வாங்கிப் போட வேண்டிய ஊசி அல்ல.

மருந்து எங்கிருந்து வருகிறது என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு ஒரு தகவல். சீரம், பாரத் பயோடெக், பயாலஜிக்கல் இ போன்ற நிறுவனங்கள்தான் அரசுக்கும் தருகின்றன, தனியாருக்கும் விற்கின்றன. நம் ஊரிலேயே கிண்டியில் 1948-ல் தொடங்கிய பி.சி.ஜி. ஆய்வகமும், குன்னூரில் 1907-ல் தொடங்கிய பாஸ்டர் நிலையமும் நாட்டுக்கே தடுப்பூசி தயாரித்துத் தந்தவை. 

குளிர்ச்சி கெடாமல் வைத்திருப்பதில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நல்ல மதிப்பெண் தரலாம். மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். அங்கே இதற்கென்றே ஐ.எல்.ஆர். என்ற தனிப்பெட்டி, மேலே திறக்கும் மூடி, மின்சாரம் போனாலும் பல மணி நேரம் குளிர்ச்சி தாங்கும். துணை சுகாதார நிலையங்களுக்கும் அங்கன்வாடிகளுக்கும் புதன் காலையில் ஐஸ் பேக் வைத்த கைப்பெட்டியில் எடுத்துப் போவார்கள், மாலையில் மிச்சம் திரும்பிவிடும். தெருமுனைத் தனியார் கிளினிக்கில் சாதாரண வீட்டு ஃபிரிட்ஜில் ஜூஸ் பாட்டிலோடு மருந்து இருப்பதைப் பார்த்தால், அங்கே கேட்க வேண்டிய கேள்வி "டாக்டர் கைராசியா" என்பது அல்ல, "கரண்ட் போனால் என்ன செய்வீர்கள்" என்பதுதான்.

நீங்களே சரிபார்க்க ஒரு வழியும் இருக்கிறது. அரசு மருந்துக் குப்பியின் லேபிளிலோ மூடியிலோ சின்னதாக ஒரு வட்டம், அதன் நடுவே ஒரு சின்னச் சதுரம் அச்சாகியிருக்கும். சதுரம் வட்டத்தைவிட வெளிறி இருந்தால் மருந்து நல்லது. வெப்பம் படப்பட சதுரம் கருக்கும். வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டாலோ அதைவிடக் கருத்துவிட்டாலோ அந்தக் குப்பியைப் பயன்படுத்தக் கூடாது. "சிஸ்டர், குப்பியை ஒரு தடவை காட்டுங்க" என்று கேட்டால் பெரும்பாலும் காட்டுவார்கள். இந்த அடையாளம் வெப்பத்தை மட்டும்தான் காட்டும், உறைந்து கெட்டதைக் காட்டாது. அதற்கு அவர்கள் குப்பியைக் குலுக்கி, கீழே படிகிற வேகத்தைப் பார்ப்பார்கள். தனியாரில் மருந்து நிரப்பியே வரும் சிரிஞ்சுகளில் பெரும்பாலும் இந்தச் சதுரம் இருக்காது, அங்கே நம்பிக்கைதான். சிரிஞ்சும் அப்படித்தான்: அரசு முறையில் ஒருமுறை அழுத்தினால் பிஸ்டன் பூட்டிக்கொள்ளும் வகை, மறுபடி இழுக்கவே முடியாது.

இனி குறைகள். முதல் குறை கூட்டம். புதன் காலை ஒன்பது மணிக்குத் தொடங்கினால் பத்தரைக்குத்தான் நெரிசல் உச்சம். சளி, காய்ச்சலுக்கு வருகிற புறநோயாளிகளும் அதே வராந்தாவில்தான் உட்கார்ந்திருப்பார்கள் என்பதுதான் இந்தச் சேவையில் உண்மையிலேயே பிடிக்காத விஷயம். ஊசிக்குத் தனி அறை இருக்கிற நகர்ப்புற நிலையங்கள் பரவாயில்லை. சீக்கிரம் போய்விடுவதே வழி. காத்திருக்கிற நேரத்தில் குழந்தையை நாலு பேர் கையில் மாற்றி மாற்றிக் கொடுக்காதீர்கள்.

இரண்டாவது, "இன்னைக்கு இல்லைம்மா, அடுத்த புதன் வாங்க". இதற்குக் காரணம் குப்பிக் கணக்கு. பெண்டா, பி.சி.வி. போன்றவற்றைத் திறந்தால் சரியாக வைத்துக்கொண்டு நான்கு வாரம் வரை பயன்படுத்தலாம். பி.சி.ஜி.யும் தட்டம்மை-ரூபெல்லாவும் அப்படி இல்லை. பொடியில் நீர் கலந்த பிறகு நான்கு மணி நேரம்தான், மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். ஒரு குழந்தைக்காக ஒரு குப்பியைத் திறந்தால் மீதி டோஸ்கள் வீண். விதிப்படி ஒரு குழந்தைக்காகவும் திறக்கலாம். நடைமுறையில் நாலைந்து பேர் சேரட்டும் என்று தள்ளுவார்கள். எனவே ஒன்பது மாத ஊசிக்குப் போகும் முன் உங்கள் பகுதி கிராம சுகாதாரச் செவிலியருக்கு ஒரு ஃபோன் போட்டு "எம்.ஆர். இந்த வாரம் திறப்பீங்களா சிஸ்டர்" என்று கேட்டுக்கொண்டு போங்கள். நேரத்தோடு போய்விடுவதற்கும் இதுதான் காரணம்: மத்தியானம் போனால் காலையில் கலந்த குப்பியின் நேரம் முடிந்திருக்கும்.

மூன்றாவது, தேதிச் சிக்கல். ஒரே ஊசியின் இரண்டு டோஸுக்கு இடையே குறைந்தது 28 நாள் வேண்டும். புதன் போட்டால் நான்காவது புதன் சரியாக 28, சிக்கலே இல்லை. முதல் டோஸை வெளியே ஒரு வெள்ளிக்கிழமை போட்டுவிட்டு இரண்டாவதுக்கு இங்கே வந்தால், நான்கு வாரம் நெருங்கும் புதனில் 26 நாள்தான் ஆகியிருக்கும். திருப்பி அனுப்பிவிடுவார்கள், அனுப்புவதும் சரிதான். முதல் ஊசிக்கும் இதே கதை: 42 நாள் முடிந்திருக்க வேண்டும். "ஒன்றரை மாசம் ஆச்சு" என்று நாற்பதாவது நாளில் போய் நிற்காதீர்கள்.

தவறிப்போனால்? தாமதமானால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் போதும். லேசான சளிக்காகத் தள்ளிப்போட வேண்டாம். குறைமாதக் குழந்தைக்கும் பொதுவாகப் பிறந்த தேதியிலிருந்துதான் கணக்கு. வீட்டில் பெரியவர்கள் "சளி பிடிச்சிருக்கு, இன்னொரு மாசம் போகட்டும்" என்பார்கள்; அந்த ஒரு மாதம் மூன்று மாதமாவது வழக்கம்.

போகிற அன்று என்ன நடக்கும்? தாய் சேய் நல அட்டையும், கர்ப்பத்தைப் பதிந்தபோது தந்த பிக்மி எண்ணும் கொண்டுபோங்கள். எடை பார்ப்பார்கள், எழுதிக்கொள்வார்கள், தடுப்பூசிப் பதிவுக்கான அரசின் யூ-வின் இணையதளத்திலும் ஏற்றுவார்கள். பெண்டா இடது தொடையில், பி.சி.வி. வலது தொடையில், ஐ.பி.வி. வலது மேல்கையில். இதைத் தெரிந்து வைத்துக்கொண்டால் எந்த ஊசியால் வீக்கம் என்று பிறகு சொல்ல முடியும். தொடை வரை எளிதாகத் திறக்கிற உடுப்பு போட்டுவிடுங்கள். இறுக்கமான ரோம்பரைக் கழற்றி மாட்டுவதற்குள் வரிசையே முணுமுணுக்கும். ஊசி போட்டதும் பால் கொடுக்கலாம், அழுகை சீக்கிரம் அடங்கும். முப்பது நிமிடம் அங்கேயே உட்கார வேண்டும். அவசரமாகக் கிளம்புகிறவர்களை யாரும் தடுப்பதில்லை என்பது சேவையின் இன்னொரு ஓட்டை. கடுமையான ஒவ்வாமை வந்தால் அந்த அரை மணிக்குள்தான் பெரும்பாலும் வரும்; இருந்துவிட்டே வாருங்கள்.

செவிலியர் நான்கு விஷயம் சொல்ல வேண்டும்: என்ன ஊசி, என்ன தொந்தரவு வரலாம், அடுத்து எப்போது, அட்டையைப் பத்திரமாக வைத்துத் திரும்பக் கொண்டுவர வேண்டும். கூட்டம் அதிகமான நாளில் இதில் இரண்டுதான் காதில் விழும். கேட்டு வாங்குங்கள்.

காய்ச்சல் மருந்தில்தான் அதிகம் தவறு நடக்கிறது. பாரசிட்டமால் அளவு குழந்தையின் எடைக்கு: கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். கடையில் கிடைக்கும் சொட்டு மருந்தில் ஒரு மில்லியில் 100 மில்லிகிராம். சாதாரண சிரப்பில் ஐந்து மில்லியில் 125. ஐந்து கிலோக் குழந்தைக்கு 75 மில்லிகிராம் என்றால் சொட்டு மருந்தில் முக்கால் மில்லி, சிரப்பில் மூன்று மில்லி. சிரப்புக்குச் சொன்ன "மூன்று மில்லி"யைச் சொட்டு மருந்தில் கொடுத்தால் நான்கு மடங்கு போய்விடும், அது ஆபத்து. பாட்டிலில் எழுதியிருப்பதைப் படித்து, அட்டையில் எடையைப் பார்த்து, செவிலியரிடமே மில்லியில் எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள். தொடை வீக்கத்துக்கு ஈரத்துணி போதும். தேய்ப்பது, சூடு ஒத்தடம், எண்ணெய் எதுவும் வேண்டாம். மூன்று மணி நேரத்துக்கு மேல் விடாத அழுகை, வலிப்பு, துவண்டுபோவது, பால் குடிக்க மறுப்பது என்றால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

பி.சி.ஜி. போட்ட இடத்தில் சில வாரம் கழித்துக் கொப்புளம் வந்து உடைந்து தழும்பாவது இயல்பு. பவுடர், மஞ்சள் எதையும் வைக்காதீர்கள். தழும்பு வரவில்லை என்பதற்காக மறுபடி போட வேண்டியதில்லை என்பதே உலக சுகாதார அமைப்பின் நிலை.

தாய்வீட்டில் பிரசவம் ஆகி மூன்று மாதம் அங்கேயே இருப்பவர்களுக்கு இந்தச் சேவை நன்றாகவே பொருந்துகிறது. முதல் இரண்டு ஊசியை அம்மா ஊரில், மூன்றாவதை மாமியார் ஊரில் போட்டுக்கொள்ளலாம். எந்த நிலையத்திலும் போடுவார்கள், அட்டை கையில் இருந்தால் போதும். வெளி மாநிலத்திலிருந்து வேலைக்கு வந்த குடும்பங்களுக்கும் இதேதான். அட்டையின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டு வையுங்கள்.

அரசு மருத்துவமனையில் பிரசவமான குடும்பங்களுக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் 18,000 ரூபாயில் குழந்தை பிறந்த பின் வரும் தவணைகள் ஊசிப் பதிவோடு சேர்ந்தவை. ஊசியை வெளியே போட்டுவிட்டு இங்கே பதியாமல் விட்டால் தவணை நிற்கும், அப்புறம் அலைச்சல்தான். வெளியே போட்டாலும் அட்டையில் சீல் வாங்கி, செவிலியரிடம் காட்டிப் பதிந்துகொள்ளுங்கள்.

இனி அந்த 13,400. இது முழுக்க அரசு அட்டவணையில் இல்லாத ஊசிகளுக்கான பணம். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் போட முடியாதவர்கள் எதை முதலில் எடுக்கலாம்? முதல் இடம் டைஃபாய்டு. ஆறு மாதத்திலிருந்து போடலாம், ஒரே டோஸ். தண்ணீரை நம்ப முடியாத நம் ஊர்களில், மருந்துக்கு அடங்காத டைஃபாய்டு கிருமிகள் பெருகியிருக்கும் காலத்தில், 2,000 ரூபாய்க்கு இதைவிட நல்ல பேரம் இந்தப் பட்டியலில் இல்லை. அடுத்தது எம்.எம்.ஆர். அரசு தருகிற எம்.ஆர். ஊசியில் பொன்னுக்கு வீங்கிக்குப் பாதுகாப்பு கிடையாது. ஒன்பது மாதத்தில் அரசு எம்.ஆர். போட்டுவிட்டு, பதினைந்து மாத வாக்கில் இரண்டாவது டோஸை எம்.எம்.ஆர். ஆக வெளியே போடலாம், நாலைந்து வயதில் இன்னொன்று. இந்தியத் தயாரிப்பு சில நூறு ரூபாய்க்கே கிடைக்கும். டாக்டரிடம் பிராண்டைக் கேட்டு விலையைக் குறைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது சின்னம்மை, இரண்டு டோஸ். இதையும் எம்.எம்.ஆர்.ஐயும் ஒரே நாளில் போடலாம். இல்லையென்றால் நான்கு வாரம் இடைவெளி கட்டாயம். இரண்டும் உயிருள்ள கிருமி ஊசிகள் என்பதால் இந்த விதி. நடுவே பத்து நாள் விட்டு வரச் சொல்கிற இடத்தில் கேள்வி கேளுங்கள். காமாலை ஏ-க்கு ஒரே டோஸில் முடிகிற வகையும் இரண்டு டோஸ் வகையும் இருக்கின்றன. முதல் டோஸ் விலையை மட்டும் ஒப்பிட்டு ஏமாறாமல் மொத்தத்தைப் பாருங்கள்.

ஃப்ளூவைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், அது ஆண்டுதோறும் வரும் செலவு. வீசிங் உள்ள குழந்தை, கிரெச்சுக்குப் போகும் குழந்தை என்றால் முதலிடத்துக்கே கொண்டுவரலாம். முதல் ஆண்டில் நான்கு வார இடைவெளியில் இரண்டு டோஸ், பிறகு ஆண்டுக்கு ஒன்று. இதன் கிருமி வகைகள் ஆண்டுதோறும் மாறும், பெட்டியில் எந்தப் பருவத்துக்கானது என்று அச்சிட்டிருப்பார்கள். காலாவதிக்குச் சில வாரமே இருக்கும் பழைய பருவத்துச் சரக்கைத் தள்ளுபடியில் தந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

மருத்துவக் காப்பீட்டில் இதைத் திரும்பப் பெறலாம் என்று எண்ண வேண்டாம். பெரும்பாலான பாலிசிகள் மருத்துவமனையில் படுத்தால்தான் பணம் தரும். மகப்பேறு இணைப்பு எடுத்தவர்களுக்குச் சில பாலிசிகளில் முதல் ஆண்டு ஊசிக்கு ஒரு சிறு வரம்பு இருக்கும். பில்லில் ஊசியின் பெயரும் பேட்ச் எண்ணும் தனித்தனியாக இருக்க வேண்டும், "வேக்சினேஷன் சார்ஜ்" என்று ஒற்றை வரியில் போட்டுத் தந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இலவசச் சேவைக்கும் கண்ணுக்குத் தெரியாத விலை உண்டு. தினக்கூலிக் குடும்பத்துக்குப் புதன்கிழமை ஒரு நாள் சம்பளம் போகும், ஆட்டோவுக்கு இருநூறு, முந்நூறு. ஒன்றரை வயது வரை ஐந்து தடவை என்று வைத்தாலும் தனியார் பில்லோடு ஒப்பிட்டால் அது சிறு பங்குதான். புதன் லீவு கிடைக்காதவர்கள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் விசாரிக்கலாம். பெரிய மருத்துவமனைகளில் மற்ற நாட்களிலும் போடுவார்கள்.

ஒன்றரை வயது ஊசி முடிந்ததும் பலர் அட்டையை அலமாரிக்குள் வைத்துவிடுகிறார்கள். வைட்டமின் ஏ ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஐந்து வயது வரை உண்டு, இலவசம். ஐந்து வயதில் முத்தடுப்பு ஊசியின் இரண்டாவது பூஸ்டர் இருக்கிறது, அதுவும் இலவசம். பள்ளி அட்மிஷனில் அட்டை கேட்கும்போது அந்தக் கட்டம் காலியாக இருந்தால், அவசரத்துக்குத் தனியாரிடம் ஓடாமல் அடுத்த புதனுக்கு அழைத்துப் போங்கள். இதற்கு பி.சி.ஜி. போலக் கூட்டம் சேரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை; நான்கு வாரம் தாங்கும் குப்பி என்பதால் ஒரு குழந்தைக்கும் தயங்காமல் திறந்துவிடுவார்கள்.